இடது பக்கத் தையலில்

பதினாலாயிரம் பீஸ்.
முழுக்கை, ஏத்தின கழுத்து,
உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற துணி.
அலைமேல் பலகை போட்டு நிற்கிறவர்களுக்காம்.
இடது பக்கத் தையலில்,
இடுப்புக்கு மேலே நாலு விரற்கடையில்,
சலவைக் குறிப்புக்கு அடியில் இன்னொரு லேபிள்,
கட்டைவிரல் அகலம்:
கடல், கரை, ஒரு ஆள்,
ஒரு அம்பு.

அனுப்பர்பாளையத்திலிருந்து கடல்
எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் ஒரு தூக்கம்.
நான் பார்த்தது ராமேஸ்வரத்தில்,
மாமனாருக்குத் திதி கொடுத்த அன்றைக்கு,
முழங்கால் வரைக்கும்.
இங்கே நொய்யலில் நுரை வரும்.
அலை வராது.

ஆறு டெய்லர், மூன்று நாள்.
அம்பு எங்கே பார்க்கிறது என்று
நான் பார்க்கவில்லை.
ஊசியைப் பார்த்தேன்.

அயர்னிங் டேபிளில் பிரபோத்.
ஒடிசா, கோபால்பூர்ப் பக்கம்.
வந்த ரெண்டு வருசத்தில்
வேண்டிய அளவுக்குத் தமிழ் வைத்திருக்கிறான்:
சாப்பாடு, சம்பளம், சூடு, போதும்.
வியாழக்கிழமை மத்தியானம்
ஒரு பீஸை உள்பக்கம் திருப்பிப் போட்டவன்
பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.
"அக்கா. இது ஆள் சாகும்."

மேசைமேல் தண்ணீர் தெளித்தான்.
பாதி தமிழ், பாதி கை.
இந்த ஓரம் கரை.
இங்கே வெள்ளை. அங்கேயும் வெள்ளை. அலை உடையுது.
நடுவில் ஒரு முழம் சும்மா கிடக்கு, பார்,
கறுப்பா, சத்தமில்லாம.
புதுசா வர்றவன் அங்கேதான் இறங்குவான்.
வந்த தண்ணி பூரா
அந்த வழியாத்தான் திரும்பிப் போகும்,
ஆளையும் கூட்டிக்கிட்டு.

கரையைப் பார்த்து நீந்தினால் கை ஓயும்.
கரையோரமாவே பக்கத்தில் போ.
வெள்ளை வரும்.
வெள்ளை தள்ளிக் கொண்டுவந்து விடும்.

எங்கள் லேபிளில் அம்பு
நேராய்க் கரையைக் குத்தி நின்றது.

"சித்தப்பா பையன் நேரா வந்தான்" என்றான்.
அடுத்த பீஸை விரித்தான்.
தேய்க்கவில்லை.

மெர்ச்சண்டைசர் பூபேஷ்
பையர் அனுப்பிய படத்தை போனில் பெரிதாக்கினான்.
அதில் அம்பு பக்கவாட்டில்தான் படுத்திருந்தது.
பிரிண்ட் போட்ட இடத்தில்
அகலம் பத்தவில்லை என்று
அம்பை மட்டும் எழுப்பி நிறுத்திவிட்டார்கள்.
மூன்று பேர் பார்த்துக் கையெழுத்து.

"சனிக்கிழமை கன்டெய்னர் தூத்துக்குடி போகோணுங்க்கா.
இதையெல்லாம் யாருங்க பாக்கப் போறாங்க"
என்றவன்
இன்னொருதரம் அவனே பார்த்தான்.

ராத்திரி பதினோரு மணிக்கு ராயபுரத்திலிருந்து
புது லேபிள் மொபெட்டில் வந்தது.
கட்டின கார்ட்டனைக் கிழித்தோம்.
ஒன்றரை ஷிப்ட் ரெண்டாகி, ரெண்டு மூன்றானது.
தைக்கிறதைவிடப் பிரிக்கிறது மெதுவு,
துணி கிழியாமல், நூலை மட்டும்.
ஆனிக் காத்து ஷட்டரை ஆட்டிக்கொண்டே இருந்தது.
"பாலக்காட்டுக் காத்துங், கடல்ல இருந்து வருது"
என்று தெய்வாத்தா சொல்ல,
யாரோ, "வரட்டும், இங்கெ ஒரு ஃபேன் ஓடல" என்றார்கள்.

வெள்ளி பொழுதுசாயக்
கீழே குமிஞ்சு கிடந்த அம்புகளைக் கூட்டி அள்ளினேன்.
முறம் முழுக்கக் கரையைப் பார்க்கிற அம்பு.

நாற்பது பீஸ் பாக்கி.
ஷோரூமுக்கென்று போன வாரமே விமானத்தில் போனது.
பூபேஷ் மெயில் போட்டிருக்கிறான்.
அங்கே இப்போது விடிந்திருக்காதாம்.
அந்த நாற்பதில் ஒன்று
யார் இடுப்புக்கு மேலே ஒட்டிக் கிடக்குமோ.

டீக்கு நிற்கையில் பிரபோத்திடம் கேட்டேன்,
அந்தச் சும்மா கிடக்கிற தண்ணியை
எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று.
"இறங்கு முன்னாடி, அக்கா. மேட்டில் நின்னு.
பத்து நிமிசம், சும்மா பாக்கணும்."

எங்களுக்கு டீக்குப் பத்து நிமிசம்.
கம்பெனி வாசலில், ரோட்டைப் பார்த்து,
நின்றபடியே குடித்தோம்.